மாமியார் வழி

ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் திருச்சி அம்மா மண்டபத்துப் படித்துறை, பவானி கூடுதுறை, இராமேசுவரம் அக்னி தீர்த்தம் என்று எங்கே போனாலும் ஒரு காட்சி தப்பாது. தர்ப்பணம் கொடுக்க உட்கார்ந்தவரிடம் புரோகிதர் முதலில் கோத்திரம் கேட்கிறார், பிறகு பெயர்கள். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா வரை பலரும் சமாளித்துவிடுகிறார்கள். அடுத்த வரிசை பெண்களுடையது: அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, தாத்தாவைப் பெற்ற கொள்ளுப்பாட்டி. தடுமாற்றம் இங்கேதான். ஈர வேட்டியோடு கைப்பேசியை எடுத்து ஊருக்குப் பேசி, “கொள்ளுப்பாட்டி பேரு என்ன?” என்று கேட்பார்கள். அந்தப் பக்கம் பதில் சொல்கிறவர் அநேகமாக அந்த வீட்டுக்கு வாழ வந்த ஒரு மருமகள்.

பெயர்கள் கிடைத்ததும் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு எழுந்துவிடுகிறோம். அந்தப் பெண்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. ஆண்களின் வரிசையில் ஒவ்வொருவரும் அடுத்தவரின் மகன். பெண்களின் வரிசையில் பாட்டி அம்மாவுக்கு மாமியார், கொள்ளுப்பாட்டி பாட்டிக்கு மாமியார். தாய்வழியிலும் இதே கணக்குதான்: அம்மாவைப் பெற்ற பாட்டி, அவருடைய மாமியார், அந்த மாமியாரின் மாமியார். ஆக, பெற்றோர் இருவரையும் இழந்த ஒருவர் பெயர் சொல்லி நீர் இறைக்கும் பன்னிரண்டு பேரில் ஆறு பேர் பெண்கள். அந்த ஆறு பேருக்குள் தாய்–மகள் ஜோடி ஒன்றே ஒன்று. மாமியார்–மருமகள் ஜோடி நான்கு.

பன்னிரண்டாம் நாள் காரியம் இதைவிட வெளிப்படையானது. சபிண்டீகரணத்தில், இறந்தவருக்காகப் பிடித்த பிண்டத்தை மூன்றாகப் பிரித்து, முந்தைய மூன்று தலைமுறைக்கான பிண்டங்களோடு சேர்த்துப் பிசைவார்கள். அதுவரை பிரேதமாக இருந்தவர் அன்றிலிருந்து பித்ரு. ஆண் இறந்தால் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தாவோடு சேர்க்கை. பெண் இறந்தால், கணவனோடு சேர்க்கச் சொல்லும் நூல்களும் உண்டு என்றாலும், பரவலான வழக்கத்தில் மாமியாரோடும் மாமியாரின் மாமியாரோடும் அவருக்கும் மேலே உள்ளவரோடும்தான் சேர்க்கை. பெற்ற தாயோடு அல்ல. முப்பது வருடம் ஒரே அடுப்படியில் முகம் கொடுத்துப் பேசாத இருவர்கூடக் கடைசியில் ஒரே உருண்டைக்குள் போய்விடுகிறார்கள். இதைத் தண்டனை என்பதா, சமாதானம் என்பதா என்பது அவரவர் வீட்டைப் பொறுத்தது.

நல்ல மாமியாரை இழந்த வீடுகளில் ஒரு கேள்வி மெல்ல எழும். அம்மா செத்தால் அழுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மாமியார் செத்து, மகளைவிட மருமகள் அதிகமாக உடைந்துபோனால் பார்ப்பவர்கள் சற்றே வியப்போடு பார்க்கிறார்கள். அவர் இவளைப் பெறவில்லை, வளர்க்கவும் இல்லை. நடுவில் ஒரு ஆண் இருந்ததால் வந்த உறவு. அந்த நடு ஆள் இல்லாமலும் அது உறவுதானா? ஆம் என்றால் அதற்கு எது ஆதாரம்? பிறப்பா, சடங்கா, சட்டமா, சேர்ந்து வாழ்ந்த வருடங்களா? சமயங்கள் இந்தக் கேள்வியோடு பலவிதமாக மல்லுக்கட்டி இருக்கின்றன. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவும் இல்லை.

முதலில் எதிர்க்கட்சியின் வாதத்தைக் கேட்டுவிடலாம், அது வலுவானது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற பழமொழி சும்மா பிறந்துவிடவில்லை. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், ஒரு பெண்ணின் கணவன் வெளியூரில் இறந்துவிட்டான் என்று சாட்சி சொல்லத் தகுதியில்லாத ஐந்து பெண்களின் பட்டியல் உண்டு. அதில் முதலில் வருபவர் மாமியார். மருமகள் மேலுள்ள பகையால் உயிரோடு இருக்கும் மகனையே செத்தான் என்று சொல்லி, அவள் மறுமணம் செய்து மாட்டிக்கொள்ள வழி பண்ணிவிடுவாளாம். எவ்வளவு கண்டிருந்தால் ஒரு சட்ட நூல் இப்படி எழுதும்! காஷ்மீரில் 14-ஆம் நூற்றாண்டின் சிவபக்தை லல்லாவின் மாமியார், தட்டில் ஒரு கல்லை வைத்து அதன் மேல் சோற்றைப் பரப்பி, குவியலாகப் போட்டதுபோல் ஊருக்குக் காட்டுவாராம். லல்லாவின் வாக்குகள் போற்றப்படும் இடமெல்லாம் அந்தக் கல்லும் கூடவே நினைக்கப்படுகிறது. கெட்ட மாமியாருக்கும் நீண்ட ஆயுள்தான். 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவைச் சேர்த்தபோது, கணவனோடு நிறுத்தாமல் கணவனின் உறவினர்களையும் சேர்த்தே எழுத வேண்டி இருந்தது. ரிக் வேதத்தின் திருமண மந்திரம் மணப்பெண்ணை மாமியாருக்கு மேல் பேரரசியாக இருக்கும்படி வாழ்த்துகிறது. வேத காலத்திலேயே அந்த இடத்தில் ஒரு அதிகாரப் போட்டி இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படி ஒரு வாழ்த்து எதற்கு?

ஆனால் இன்னொரு பழமொழியை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மாமியார் செத்து ஆறாம் மாதம் மருமகள் கண்ணில் கண்ணீர் வந்ததாம் என்பார்கள். பொய் அழுகை என்ற கேலி. துக்கத்தை அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு இது கேலியாகத் தோன்றாது. இறந்த அன்று வீடு நிறைய ஜனம். பந்தல், பாடை, வந்தவர்களுக்குக் காப்பி, சம்பந்தி வீட்டுச் சாப்பாடு, கருமாதிப் பத்திரிகை, யார் யாருக்குச் சொல்ல விட்டுப்போயிற்று என்ற பட்டியல் எல்லாம் மருமகள் தலையில்தான் விழும். மகள்கள் பிணத்தைக் கட்டிக்கொண்டு அழலாம். மருமகளை யாராவது வந்து, “அரிசி எவ்வளவு போடறது?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அழ நேரம் கிடைப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். பிறகு ஒருநாள் மாவடுக் காலம் வரும். ஒரு படி மாவடுவுக்கு எத்தனை கை உப்பு என்று கேட்க உள்ளே திரும்பினால் ஆள் இல்லை. ஆறாம் மாதக் கண்ணீர் அந்த இடத்தில் வருகிறது.

நடு ஆள் போய்விட்ட பிறகு இந்த உறவு என்ன ஆகும் என்பதை நேருக்கு நேர் பார்த்த சமய நூல் ஒன்று உண்டு: விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் வரும் ரூத். நான்கே அதிகாரங்கள். பெத்லகேமில் பஞ்சம் வந்து எலிமெலேக்கு தன் மனைவி நகோமியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மோவாப் தேசத்துக்குப் பிழைக்கப் போகிறான். அங்கே அவன் சாகிறான். பிள்ளைகள் மக்லோனும் கிலியோனும் மோவாபியப் பெண்களைக் கட்டுகிறார்கள். ஏறக்குறைய பத்து வருடத்தில் அவர்களும் சாகிறார்கள். மிச்சம் மூன்று விதவைகள். பேரப்பிள்ளை ஒன்றுகூட இல்லை. கதையை எழுதியவர் ஈவிரக்கமில்லாமல் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். கணவன் இல்லை, குழந்தை இல்லை, மதமும் வேறு, இனமும் வேறு. மோவாபியர்களைக் கர்த்தரின் சபையில் சேர்க்கக் கூடாது என்று உபாகமத்தில் விதியே இருக்கிறது. இனி இவர்களை இணைக்க எதுவுமே இல்லை என்ற இடத்தில் நகோமி மருமகள்களைத் தாய்வீட்டுக்குப் போகச் சொல்கிறாள். என் வயிற்றில் இனியும் பிள்ளைகள் உண்டோ, அவர்கள் வளர்ந்து உங்களைக் கட்டும்வரை காத்திருப்பீர்களோ என்ற பொருளில் கேட்கிறாள். கசப்பும் நியாயமும் கலந்த பேச்சு.

ஓர்பாள் அழுதுவிட்டுத் திரும்பிப் போகிறாள். அவளை எழுதியவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பின்னால் வந்த பிரசங்கிகள்தான் அவளைத் திட்டினார்கள். ஓர்பாள் செய்தது சரியான காரியம், மாமியார் சொல்லைக் கேட்டது. ரூத் செய்தது சொல்லை மீறியது. போக மாட்டேன், உன் ஜனமே என் ஜனம், உன் தெய்வமே என் தெய்வம், நீ புதைக்கப்படும் இடத்தில்தான் நானும் என்று அவள் சத்தியம் செய்வது ஒரு கிழவியிடம். கிறிஸ்தவத் திருமணங்களில் மணமக்களைப் பார்த்து இந்த வசனத்தை வாசிக்கும்போது பலருக்கு இது மருமகள் மாமியாருக்குக் கொடுத்த வாக்கு என்பது நினைவில் இருப்பதில்லை.

நகோமி அதற்கு உருகி விடுவதில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டாள் என்றுதான் இருக்கிறது. ஊருக்கு வந்ததும் பெண்களிடம், என்னை நகோமி என்று கூப்பிடாதீர்கள், மாராள் என்று கூப்பிடுங்கள், நிறைவாகப் போனேன், வெறுமையாக வந்தேன் என்கிறாள். பக்கத்தில் ரூத் நின்றுகொண்டிருக்கிறாள்! வெறுமை என்ற கணக்கில் அவளைச் சேர்க்கவே இல்லை. எத்தனை மருமகள்கள் இந்த வரியில் தங்களைக் கண்டிருப்பார்கள். பிறகு ரூத் வாற்கோதுமை வயலில் அறுப்பவர்கள் பின்னால் போய்ச் சிந்திய கதிரைப் பொறுக்குகிறாள். நிலத்துக்காரன் போவாஸ் சாப்பிடக் கூப்பிட்டு வறுத்த கோதுமை கொடுக்கிறான். வயிறார உண்டு, மீந்ததை முடிந்துகொண்டு வந்து மாமியாரிடம் நீட்டுகிறாள். நகோமியின் கசப்பு இறங்க ஆரம்பிப்பது அந்தச் சாயங்காலம். யாரோட வயலிலே பொறுக்கினே என்று ஆவலாகக் கேட்கிறாள். அதன் பிறகு அவள்தான் திட்டம் போடுகிறாள். ரூத்துக்கும் போவாசுக்கும் திருமணம் நடப்பது அந்தத் திட்டத்தால்தான்.

குழந்தை ஓபேத் பிறந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள், நகோமிக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது என்று சொல்லிப் பெயர் வைக்கிறார்கள். ஏழு பிள்ளைகளைவிட இந்த மருமகள் மேல் என்கிறார்கள். நிதானமாக யோசித்தால் இது விசித்திரமான வாக்கியம். ரூத் வேற்று நாட்டுக்காரி. போவாஸ் நகோமியின் கணவனுக்குத்தான் சொந்தம். அந்தக் குழந்தையின் உடம்பில் நகோமியின் ரத்தம் இருப்பதாக எங்கும் சொல்லவில்லை. ஓபேத்தின் பேரன்தான் தாவீது ராஜா. மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் இயேசுவின் வம்ச வரிசையில் ரூத் பெயர் சொல்லப்படுகிறது, நகோமி பெயர் இல்லை. பெற்றவர்களை மட்டும் எண்ணும் வரிசையில் அவருக்கு இடம் கிடையாது. ஆனால் அவர் மோவாபிலிருந்து தனியாகத் திரும்பியிருந்தால் அந்த வரிசையே இல்லை.

இதே யூத மரபு துக்கம் காக்க வேண்டியவர்களின் பட்டியல் போடும்போது மிகச் சிக்கனமானது. தாய், தந்தை, மகன், மகள், சகோதரன், சகோதரி, கணவன் அல்லது மனைவி என்று ஏழே பேர். மாமியார் பட்டியலில் இல்லை. ரூத்தை அறுவடைத் திருநாளான ஷவுவோத்தில் வாசிக்கும் சமூகம், நகோமிக்காக ரூத் துக்கம் காக்க வேண்டும் என்று விதிக்கவில்லை! ஆனாலும் யூதர்களின் சட்ட விளக்க நூலான தல்மூதில் ஒரு இணைப்புச் சொல்கிறார்கள்: மாமனாரோ மாமியாரோ இறந்தால், துணையின் துக்கத்தை மதித்து வீட்டில் அவரோடு சேர்ந்து துக்கம் காக்க வேண்டும். நேரடி உரிமை இல்லை, துணைவழி உரிமை.

நம் மகாளய பட்ச தர்ப்பணம் இதற்குப் பக்கத்தில் வருகிறது. புரட்டாசியை ஒட்டிய அந்தப் பதினைந்து நாட்களில் சொந்தப் பித்ருக்களுக்குப் பிறகு காருண்ய பித்ருக்கள் என்று ஒரு நீண்ட வரிசை உண்டு. சிற்றப்பா, மாமா, அத்தை, குரு, நண்பன் என்று போகும் அதில் மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள், மருமகளும் வருகிறாள். தர்ப்பணம் செய்பவர் ஆண் என்பதால் இங்கே மாமியார் என்பது மனைவியைப் பெற்றவர். மகனாகக் கடன் தீர்க்க வேண்டியதில்லை, கருணையால் நீர் இறைக்கலாம். அந்தக் கருணை தப்பிப்போனால் பாவம் என்று மிரட்டாத வரிசை அது ஒன்றுதான் போலிருக்கிறது.

மருமகன்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் காயல்பட்டினத்தைச் சொல்லாமல் போக முடியாது. அங்கும் இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடி போன்ற ஊர்களிலும் முஸ்லிம் வீடுகளில் கல்யாணமான ஆண் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வது வழக்கம். வீடு மகளுக்கு. வந்து சேருகிற புது ஆள் மாப்பிள்ளை. மட்டக்களப்புப் பக்கத் தமிழ் இந்துக் குடும்பங்களிலும் இது உண்டு. அந்த வீடுகளில் ஒரு மாமியாரை நினைத்து உருகுவது பெரும்பாலும் ஆணாக இருப்பான். இஸ்லாமியச் சட்டம் இதற்கு ஒரு அடிப்படையும் வைத்திருக்கிறது. மணம் முடிக்கக் கூடாத பெண்களைக் குர்ஆனின் நான்காம் அத்தியாயம் வரிசைப்படுத்தும்போது தாய், மகள், சகோதரி ஆகியோரோடு மனைவியின் தாயையும் சேர்க்கிறது. நிக்காஹ் நடந்த கணத்திலேயே மாமியார் அந்த ஆணுக்குத் தாயின் நிலைக்கு வந்துவிடுகிறார். மனைவி இறந்தாலும், தலாக் ஆனாலும் அந்த விலக்கு நீங்காது. அவன் முன்னால் அவர் பர்தா அணியத் தேவையில்லை. நடு ஆள் போனாலும் உறவு போகாது என்று இங்கே சட்டமாகவே எழுதிவிட்டார்கள்.

இந்திய நாட்டுச் சட்டம் எழுதியதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, கணவனும் பிள்ளைகளும் இல்லாத ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவள் சம்பாதித்த சொத்து முதலில் கணவனின் வாரிசுகளுக்குப் போகும், அதற்குப் பிறகே அவளைப் பெற்றவர்களுக்கு. திருமணமான சில மாதங்களிலேயே விதவையாகி, புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, தாய்வீட்டில் படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பைக் கணவன் பக்கத்துக்கே கொடுத்து 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஆனால் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007-இல் வந்த சட்டம், ‘பிள்ளைகள்’ என்பதற்கு மகன், மகள், பேரன், பேத்தி என்றுதான் பொருள் சொன்னது. மருமகளையும் மருமகனையும் சேர்க்க 2019-இல் ஒரு திருத்த மசோதா கொண்டுவர வேண்டி இருந்தது. வாங்கிக்கொள்ளும்போது உறவு, பார்த்துக்கொள்ளும்போது இல்லை. சபிண்டீகரணம் இதற்கு எவ்வளவோ தேவலை.

சட்டத்தை விட்டுவிட்டு ஒரு உண்மையான வீட்டுக்குப் போவோம். 1859-இல் வங்காளத்துக் காமார்புகூர் கிராமத்தைச் சேர்ந்த இருபத்துமூன்று வயது ராமகிருஷ்ணருக்கும் ஐந்து வயது சாரதாமணிக்கும் திருமணம். வீட்டில் வறுமை. மாமியார் சந்திரமணி தேவி, பெண்ணுக்குப் போட ஊர் ஜமீன்தார்களான லாஹா குடும்பத்தில் நகை இரவல் வாங்கினார். திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தது. குழந்தையிடமிருந்து எப்படிக் கழற்றுவது? தூங்கும்போது ராமகிருஷ்ணர் கழற்றி எடுத்தார். எழுந்ததும் குழந்தை நகை எங்கே என்று கேட்டது. சந்திரமணி மருமகளை மடியில் உட்கார வைத்து, என் பிள்ளை உனக்கு இதைவிட நல்லதாகப் போடுவான் என்று சமாதானம் சொன்னார். பணத்தைத் தொட்டாலே கை கோணும் அந்தப் பிள்ளை பிற்காலத்தில் சாரதாவுக்குத் தங்க வளையல் செய்து போட ஏற்பாடு செய்தது பதிவாகி இருக்கிறது. துறவியும் தாயின் வாக்கைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

சந்திரமணி கடைசிக் காலத்தில் மகன் இருந்த தட்சிணேசுவரம் கோயிலுக்கு வந்து கங்கைக் கரையில் நகபத் கட்டடத்தின் மேல்மாடியில் தங்கினார். அந்தக் கோயிலைக் கட்டிய ராணி ராசமணியின் மருமகன் மதுர்பாபு, என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வற்புறுத்தியபோது, ஓரணாவுக்குப் புகையிலை வாங்கிக் கொடு என்றாராம். அந்தப் பெரும் பணக்காரர் அழுதுவிட்டார். 1872-இல் சாரதா வந்தார். அதே கட்டடத்தின் கீழே ஒரு சின்னஞ்சிறு அறையில் இருந்துகொண்டு மேலே இருந்த கிழவியைப் பார்த்துக்கொண்டார். 1876-இல் சந்திரமணி காலமானார். மகன் சந்நியாசி என்பதால் ஈமக்கடனை அண்ணன் மகன் ராம்லால் செய்தார். தாய்க்குத் தர்ப்பணமாவது செய்யலாம் என்று ராமகிருஷ்ணர் கங்கையில் இறங்கிக் கையில் நீரை எடுத்தபோது விரல்கள் விறைத்து, நீர் எல்லாம் இடுக்கில் வழிந்துவிட்டதாக அவருடைய வரலாற்றில் இருக்கிறது. சடங்கு செய்ய உரிமை உள்ளவரால் முடியவில்லை. கடைசி நான்கு வருடங்களில் பெரும்பகுதி பக்கத்தில் இருந்த மருமகளுக்குச் சடங்கில் இடமே இல்லை. பின்னாளில் சாரதா தேவியை நாடி வந்த நூற்றுக்கணக்கானவர்கள், அவர் சோறு போட்டுவிட்டுத்தான் உபதேசம் செய்வார் என்று சொன்னார்கள். அதில் சந்திரமணியின் பங்கு எவ்வளவு என்று அளக்க முடியாது. மகன் வேதாந்தம் பேச, வந்தவர்களின் பசியைக் கவனிக்கும் பழக்கம் அந்தக் கிராமத்து வீட்டில் அவருக்கு முன்பே இருந்தது.

சடங்கில் இடம் இல்லை என்றோமே, ஒரு இடம் உண்டு: அடுப்படி. சிராத்தச் சமையலை மடியாகச் செய்ய வேண்டியவள் மருமகள். பாகற்காய், பிரண்டை, பலாக்காய் மூன்றும் சேர்ந்தால் ஆயிரம் காய் சமைத்த கணக்கு என்று ஒரு ஐதீகம் இருக்கிறது. விசுவாமித்திரர் சிராத்தச் சாப்பாட்டுக்கு ஆயிரத்தெட்டுக் கறி கேட்டு மடக்கப் பார்த்தபோது, வசிட்டரின் மனைவி அருந்ததி பாகற்காய்க்கு நூறு, பிரண்டைக்கு முந்நூறு, பலாவுக்கு அறுநூறு, மற்றபடி எட்டுக் காய் என்று கணக்குச் சொல்லிப் பரிமாறினாளாம். சமையல்காரியின் சாமர்த்தியத்துக்குச் சாஸ்திரம் தலையாட்டிய அரிய சம்பவம்.

சிராத்தம் இல்லாத வீடுகளில் படையல். அங்கே விதி ஒன்றே ஒன்று, போனவருக்குப் பிடித்தது இலையில் இருக்க வேண்டும். கருவாட்டுக் குழம்பு, கோழி வறுவல், வெற்றிலை பாக்கு, ஒரு டம்ளர் கடுங்காப்பி எதுவானாலும் சரி. மாமியாருக்கு என்ன பிடிக்கும் என்பது மகனுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அம்மா தனக்குச் செய்துபோட்டதே அவனுக்கு நினைவிருக்கும். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு அவர் தனக்கென்று எதை எடுத்துக்கொண்டார் என்பது கூட உட்கார்ந்து சாப்பிட்டவளுக்குத்தான் தெரியும். படையல் இலையில் சரியான பதார்த்தம் வந்து விழுவது அந்த அறிவால்தான். பிறகு அதே கைப்பக்குவம் பேத்திக்குப் போகிறது. இன்னொரு வீட்டுக்கு மருமகளாகப் போய் அங்கே வேறொரு மாமியாரின் பக்குவத்தோடு மோதிக் கலக்கிறது.

ஒரு அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வட தமிழ்நாட்டின் பல சமூகங்களில் சுமங்கலியாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுகிறார்கள். கல்யாணம் வைத்தால் அவளுக்குப் புடவையும் பூவும் மஞ்சளும் வைத்துப் படைத்துவிட்டுத்தான் மறுவேலை. பிராமண வீடுகளில் சுமங்கலிப் பிரார்த்தனை. மகாளயத்தில் அவிதவா நவமி. மூன்றிலும் வரம் கேட்கத் தகுதியானவள் கணவனுக்கு முன்னால் போனவள். பெண்கள் பெரும்பாலும் கணவனைவிட வயதில் இளையவர்கள், ஆயுளும் சற்று அதிகம். எனவே பேரன் பேத்தி கண்டு, மருமகளோடு இருபது முப்பது வருடம் வாழ்ந்து, அந்த வீட்டின் போக்கையே மாற்றிய மாமியார்களில் பலர் விதவையாகத்தான் இறக்கிறார்கள். கல்யாண வீட்டில் அவர்களுக்குப் புடவை இல்லை. மருமகளாக இருபது வயதில் போனவளைத் தெய்வமாக்கி, மாமியாராக எழுபது வரை உழைத்தவளை வெறும் திவசத்தோடு விட்டுவிடுவது என்ன நியாயம்?

இந்த உறவைப் பற்றி ஆழமாகச் சிந்தித்த தமிழர் யார் என்று கேட்டால் இளங்கோவடிகளைச் சொல்லலாம். சிலப்பதிகாரத்தில் கோவலனின் தாய்க்குப் பெயர்கூட இல்லை. மாசாத்துவானின் மனைவி, அவ்வளவுதான். ஆனால் கதையின் தொடக்கத்தில் புதுமணத் தம்பதியைத் தனிவீட்டில் குடிவைப்பது அந்தப் பெயரில்லாத அம்மாள்தான். விருந்தோம்பலும் அறமும் மருமகள் தானே நடத்திச் சிறப்பதைப் பார்க்க வேண்டும் என்று. தனிக்குடித்தனம் மருமகள்கள் கேட்டு வாங்கியது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைப் படிக்கலாம். பிறகு கோவலன் மாதவியிடம் போய்விடுகிறான். மாமனாரும் மாமியாரும் கண்ணகியைப் பார்க்க வருகிறார்கள். அவள் துன்பத்தை மறைக்கச் சிரிக்கிறாள். அது பொய்ச் சிரிப்பு என்று அவர்களுக்குப் புரிந்து மனம் வருந்துகிறார்கள். மதுரையில் ஆய்ச்சியர் வீட்டில், கோவலன் கொலைப்படப் போவதற்குச் சற்று முன் அவனிடம் கண்ணகி சொல்லும் பேச்சில் இந்தச் சம்பவம் வருகிறது. அவ்வளவு காலம் தனக்குள் வைத்திருந்த குறைகளில் ஒன்று அது. உன் பெற்றோருக்கு முகம் கொடுக்க முடியாமல் செய்துவிட்டாயே என்பதுபோல.

கோவலன் இறந்த செய்தி புகாருக்கு வந்ததும் மாசாத்துவான் செல்வத்தைத் தானம் செய்துவிட்டு பௌத்தத் துறவியாகிறான். கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவகர்களிடம் போகிறான். ஆண்களுக்கு ஆளுக்கொரு மதம் கிடைத்தது. பெண்கள் இருவரும் துக்கத்தில் செத்துப்போகிறார்கள்.

செத்த பிறகு? இளங்கோ அவர்களை விடவில்லை. கடைசியில் வரந்தரு காதையில், வஞ்சியில் கண்ணகிக்குக் கோயில் எழுந்த பிறகு, மாடலன் என்ற மறையவன் சேர மன்னன் செங்குட்டுவனுக்குச் சில சிறுமிகளின் கதையைச் சொல்கிறான். அரட்டன் செட்டி வீட்டு இரட்டைப் பெண் குழந்தைகள். முற்பிறப்பில் ஒருத்தி கண்ணகியின் தாய், மற்றவள் மாமியார். கண்ணகியோடு மேலுலகம் போவதற்கு வேண்டிய அறம் எதையும் அவர்கள் செய்திருக்கவில்லை. அவளிடம் வைத்த அன்பு ஒன்றுதான் இருந்தது. அந்த அன்பே இழுத்துக்கொண்டு வந்து அவள் கோயில்கொண்ட ஊரில் ஒரே வயிற்றில் பிறக்க வைத்தது. நல்லறம் செய்தவர் பொன்னுலகம் போவதும், அன்பு மிகுந்தவர் பற்றின் வழியே பிறப்பதும் புதிதல்ல என்று மாடலன் தத்துவம் சொல்கிறான். துறவியான இளங்கோவுக்குப் பற்று என்பது குறைபாடு. வீடுபேற்றைத் தள்ளிப்போடும் கட்டு. இருந்தாலும் அந்தக் கட்டைப் போட்டபோது தாய்க்கும் மாமியாருக்கும் அவர் ஒரு நூலிழை வித்தியாசம் வைக்கவில்லை. பெற்றவள் என்பதால் ஒருத்திக்குக் கூடுதல் இல்லை, வந்து சேர்ந்தவள் என்பதால் மற்றவளுக்குக் குறைவும் இல்லை. பிறப்பால் வந்த உறவும் மணத்தால் வந்த உறவும் இரட்டையராகிவிட்டன.

மாடலன் கரகத்து நீரைத் தெளிக்கிறான். பழைய பிறவி நினைவு வந்து சிறுமிகள் அரற்றுகிறார்கள். தாயாக இருந்தவள் மகளே என்று கூப்பிடுவது இயல்பு. மாமியாராக இருந்தவள் மகனைக் கூப்பிடுகிறாள். தன்னைத் தவிக்க விட்டுப் போனதற்காக இல்லை. என்னோடு இருந்த அந்தப் பெண்ணை நடு இருட்டில் தனியாகத் துன்பப்பட வைத்துக் கூட்டிக்கொண்டு போனாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை என்று.